அண்ணாச்சி பதில்கள்: சிங்கத்துக்கு டிக்கெட் கிடையாது

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, மகள் வீட்டில் ஐந்து மாதம் சிகாகோவில் இருந்தேன் என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அவ்வளவுதான். களியக்காவிளையில் தொடங்கி ஆரல்வாய்மொழி வரை நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறது போல, வந்த கடிதங்களில் பாதி அந்த ஊரைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் முழுக்க சிகாகோ. மூட்டுவலி, பட்டா, மருமகள் பிரச்சினை எல்லாம் அடுத்த மாதம்.

தக்கலை வாசகி: அண்ணாச்சி, ஜூன் மாதம் மகன் வீட்டுக்கு சிகாகோ போகிறோம். பிள்ளைகள் இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பகலில் நாங்கள் என்ன செய்ய? அவருக்குப் பழைய கட்டடம் பார்க்க ஆசை, எனக்கு மிருகக்காட்சி சாலை. மகனுக்குச் செலவு வைக்கவும் மனசில்லை.

தங்கச்சி, இரண்டு பேர் ஆசையும் ஒரே பஸ்ஸில் தீரும். மிச்சிகன் அவென்யூவில் வடக்கே போகிற 151ஆம் எண் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே போனால் இறங்குகிற இடம் லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலை. வருஷம் 365 நாளும் அங்கே நுழைவு இலவசம். முதல் நாள் எனக்கு நம்பிக்கை வரவில்லை, வாசலில் நின்று டிக்கெட் கவுண்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். சிங்கத்துக்கு டிக்கெட் கிடையாது அப்பா என்று மகள் சிரித்தாள்.

1868இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து இரண்டு ஜோடி அன்னப்பறவைகளை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள், அதுதான் ஆரம்பம். 1874இல் பத்து டாலருக்கு ஒரு கரடிக்குட்டி வாங்கினார்கள். அது வளர்ந்து ராத்திரியில் கூண்டிலிருந்து தப்பிப் பூங்காவுக்குள் உலாத்துமாம். அந்தப் பூங்காவின் தெற்குப் பக்கம் முன்பு ஊர்க் கல்லறைத் தோட்டம். பிணங்களில் பலவற்றை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஒரே ஒரு குடும்பத்தின் கல்லறை மண்டபம் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. கரடியும் கல்லறையும் இருக்கிற இடத்தில் ராத்திரி நடந்தவன் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரரை அங்கே சிங்க வீட்டுக்குள் கூட்டிப் போங்கள். 1912இல் கட்டிய செங்கல் கட்டடம், உள்ளே பெரிய வளைகூரை. அதை இடித்துத் தள்ளாமல், உள்ளே இருந்த சின்னக் கூண்டுகளைச் சேர்த்துச் சிங்கங்களுக்குப் பெரிய இடமாக்கி 2021இல் திறந்தார்கள். அவர் கூரையைப் பார்க்கலாம், நீங்கள் சிங்கத்தைப் பார்க்கலாம், சண்டை இல்லை. அப்புறம் அங்கேயே ஒரு பண்ணை உண்டு. அதில் பசுமாடு இருக்கிறது. அமெரிக்கப் பிள்ளைகள் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மாட்டை அதிசயமாகப் பார்ப்பதைப் பார்க்கவே நான் இரண்டு தடவை போனேன்.

ஊருக்கு நடுவிலும் காசில்லாமல் பார்க்க இடங்கள் உண்டு. கல்சுரல் சென்டர் என்ற கட்டடம் 1897இல் நூலகமாகக் கட்டியது, உள்ளே 38 அடி அகலத்தில் டிஃபனி என்ற கம்பெனி செய்த கண்ணாடிக் கூரை இருக்கிறது. கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் 1888இல் முடிந்த ரூக்கரி. வெளியே முரட்டுக் கல் கட்டடம், உள்ளே போனால் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெள்ளையும் பொன்னுமாக ஒரு முற்றம். அந்த முற்றத்தை 1905இல் ஃபிராங்க் லாய்ட் ரைட் என்ற பேர்பெற்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்தார். நம் ஊர் நாலுகெட்டு வீட்டு அங்கணத்துக்கு மேலே கண்ணாடி போட்டது மாதிரி இருக்கும். வார நாளில் போங்கள். நான் சனிக்கிழமை போய்ப் பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

காசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் படகுக்குக் கொடுங்கள். சிகாகோ ஆற்றில் கட்டடக்கலை மையத்தின் தன்னார்வலர்கள் ஒன்றரை மணி நேரம் படகில் கூட்டிப் போய் இரண்டு கரையையும் விளக்கிச் சொல்வார்கள். டிக்கெட் மலிவில்லை, ஆனாலும் உயரமான கோபுரத்தின் உச்சியில் ஏறிக் கண்ணாடித் தரையில் நின்று போட்டோ எடுப்பதைவிட எனக்கு இது பிடித்தது. கண்ணாடிக்குக் கீழே பார்த்துப் பயப்பட நமக்குக் குமரியிலேயே பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில் கடல்மேல் பாலம் இருக்கிறதே.

சுசீந்திரம் வாசகர்: அமெரிக்கா என்ற நாட்டுக்கே 250 வருஷம்தான் ஆகுது. எங்க ஊர்க் கோயில் இசைத்தூணைத் தட்டிப் பார்த்து வளர்ந்தவனுக்கு அங்கே என்ன பழைய கட்டடம் இருக்கு?

நீங்கள் சொல்வது சரி. வயசுதான் கணக்கு என்றால் நாம் வீட்டிலேயே இருக்கலாம். எனக்கு அந்த ஊர்க் கட்டடங்கள் பிடித்ததற்குக் காரணம் வேறு. எல்லாமே ஒரு தீயில் தொடங்குகிறது.

1871 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஒரு மாட்டுக்கொட்டகைப் பக்கம் பிடித்த தீ, காய்ந்த காற்றில் மூன்று நாள் நின்று எரிந்து, சுமார் 300 பேர் செத்து, ஒரு லட்சம் பேர் வீடில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். வீடு, கடை எல்லாம் மரம், நடைபாதைகூட மரப்பலகை. பால் கறக்கும்போது மாடு விளக்கை உதைத்துவிட்டது என்று ஓலியரி என்ற ஏழைப் பெண்மணி மேல் பழி போட்டார்கள். அது கட்டுக்கதை. 1997இல் நகராட்சி மன்றமே அவரும் மாடும் குற்றமற்றவர்கள் என்று தீர்மானம் போட்டது. 126 வருஷம் கழித்து மாட்டுக்கு விடுதலை! மிச்சிகன் அவென்யூவில் 1869இல் கட்டிய தண்ணீர்க் கோபுரம் ஒன்று கோட்டை மாதிரி நிற்கும், அந்தத் தீயில் தப்பிய கட்டடங்களில் அது ஒன்று. 151ஆம் எண் பஸ் அதைக் கடந்துதான் போகும்.

எரிந்த ஊரில் நிலத்துக்கு விலை ஏறியது, லிஃப்ட் வந்திருந்தது, இரும்பு வந்திருந்தது. அடுத்த இருபது வருஷத்துக்குள் கட்டடம் என்பதற்கே அர்த்தத்தை மாற்றிவிட்டார்கள். தீக்குப் பிறகு இங்கிலாந்துக்காரர்கள் அனுப்பிய புத்தகங்களை வைக்க இடமில்லாமல் ஒரு பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் அடுக்கி, 1873இல் அதையே நூலகமாகத் திறந்தார்கள். அந்தத் தொட்டி இருந்த இடத்தில்தான் இப்போது ரூக்கரி நிற்கிறது. சுசீந்திரம் தூணைத் தட்டினால் ஸ்வரம் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து படித்த ஊர் என்றதும் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

வில்லுக்குறி வாசகர்: நான் கொத்தனார். நம்ம ஊர்ல வயலை நிரத்தி ஒரு மாடி வீடு கட்டினாலே ரெண்டாம் வருஷம் சுவர் வெடிக்குது. ஏரிக்கரைச் சேற்றில் நூறு மாடி எப்படி நிக்குது?

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். இதை அங்கே இருந்தபோது நானே நாலு பேரிடம் கேட்டுக் கேட்டு அலைந்தேன்.

அந்த ஊர் மண் மெத்தென்ற களிமண். பாறை வேண்டும் என்றால் சில இடங்களில் நூறு அடிக்கும் கீழே போக வேண்டும். நம்மைப் போல வானம் தோண்டிக் கருங்கல் வைத்துக் கட்டு எழுப்பினால் கட்டு மொத்தமாக இறங்கிவிடும். அதனால் முதலில் என்ன செய்தார்கள் என்றால், ரயில் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அதைக் காங்கிரீட்டில் பொதிந்து, தெப்பம் மாதிரி ஒரு தளம் போட்டு, அதன்மேல் கட்டடத்தை மிதக்கவிட்டார்கள். பாரம் பரவுவதால் இறங்கினாலும் ஒரே சமமாக இறங்கும், வெடிக்காது. உங்கள் வயல் வீட்டில் நடப்பது என்ன? ஒரு மூலை இறங்குகிறது, மறு மூலை நிற்கிறது. வெடிப்பு வருவது இறங்குவதால் இல்லை, ஏறுக்குமாறாக இறங்குவதால்.

மொனாட்நாக் என்று ஒரு கட்டடம். அதன் வடக்குப் பாதி 1891இல் முடிந்தது. 16 மாடியையும் செங்கல் சுவரே தாங்குகிறது, அதனால் கீழ்மாடியில் சுவரின் கனம் ஆறு அடி. ஆறு அடி! ஜன்னல் திண்ணையில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். எட்டு அங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். அதையும் தாண்டிக் காலப்போக்கில் 20 அங்குலம் இறங்கியது. அதனால் தெருவிலிருந்து உள்ளே போகப் படி இறங்க வேண்டியிருக்கிறது. அப்படியும் இன்று வரை ஆபீஸ் நடக்கிறது, கீழே கடைகள் இருக்கின்றன, ஒட்டுமொத்தமாக உறுதியாக நிற்கிறது.

இனி அதே கட்டடத்தின் தெற்குப் பாதிக்கு வாருங்கள். இரண்டே வருஷம் கழித்து 1893இல் முடிந்தது. இங்கே இரும்புச் சட்டம் வந்துவிட்டது, சுவருக்கு வேலையே இல்லை. நம் ஊர் ஓலைப்புரையை நினைத்துக்கொள்ளுங்கள்: கூரையைத் தாங்குவது நட்டுவைத்த கால்கள்தான், சுற்றிக் கட்டிய ஓலைத்தட்டி வெறும் மறைப்பு. வானுயரக் கட்டடம் என்பது இரும்பில் கட்டிய ஓலைப்புரை. 1885இல் ஜென்னி என்ற பொறியாளர் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இந்த முறையில் பத்து மாடிக்கு எழுப்பினார். உலகத்தின் முதல் வானுயரக் கட்டடம் அதுதான் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும், இல்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு. மொனாட்நாக்கில்தான் பழைய முறையும் புதிய முறையும் ஒரே தெருவில் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன, கொத்தனார் ஒருவர் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டிய இடம்.

அப்புறம் பாறைக்குப் போன கதை. 1893, 94இல் பங்குச்சந்தைக் கட்டடம் கட்டும்போது பக்கத்திலேயே ஒரு பத்திரிகை அச்சகம். பைல், அதாவது மண்ணுக்குள் அறைந்து இறக்கும் கம்பம், அடித்தால் அதிர்ச்சியில் அச்சு இயந்திரங்கள் கெட்டுவிடும். அதனால் அந்தப் பக்கச் சுவருக்கு மட்டும், நாம் கிணறு வெட்டி உறை இறக்குகிற மாதிரி, கையால் ஆழமாகத் தோண்டி, மண் சரியாமல் மரப்பலகை வைத்துக்கொண்டே போய், கடைசியில் காங்கிரீட் நிரப்பித் தூணாக்கினார்கள். பிறகு ஊர் முழுக்க அந்த முறை பரவியது. நூறு மாடிக்கு அடியில் இருப்பது உங்கள் தாத்தா வெட்டின கிணறுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் ஆழம் கூடுதல்.

110 மாடி சியர்ஸ் கோபுரம் (இப்போது வில்லிஸ்) 1970களில் வந்தது. 1,451 அடி. அதை நிற்க வைத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர், நம் நாட்டில் கொல்கத்தா பக்கம் ஷிப்பூரில் படித்தவர். அங்கே மண்ணைவிடப் பெரிய எதிரி காற்று. அவர் ஒரே கோபுரமாகக் கட்டாமல் ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். ஒற்றை ஈர்க்குச்சி வளையும், வாரியல் வளையாது. அவ்வளவுதான் சூத்திரம்.

குலசேகரம், ஏழாம் வகுப்பு மாணவன்: சிகாகோ மிருகக்காட்சி சாலையில் எத்தனை யானை இருக்கு தாத்தா?

ஒன்றும் இல்லை மக்கா. லிங்கன் பார்க்கில் 2005க்குப் பிறகு யானை வைப்பதில்லை, ஊருக்கு வெளியே ப்ரூக்ஃபீல்ட் என்று ஒரு பெரிய மிருகக்காட்சி சாலை இருக்கிறது, அங்கேயும் 2010இல் கடைசி யானையை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். யானை பார்க்க உனக்கு மலையும் காடும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நீ பார்க்க வேண்டியது பனிக்குரங்கு. ஜப்பான் குரங்கு, சிவந்த மூஞ்சி, சுடுதண்ணீரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கும். குளிர் என்றால் என்ன என்று அதைப் பார்த்தால் தெரியும்.

கன்னியாகுமரி வாசகர்: விவேகானந்தர் பேசிய இடத்தைப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் ஒரு சின்ன ஏமாற்றத்துக்குத் தயாராகப் போங்கள். நம் பாறையில் அவர் தியானம் செய்தது 1892 டிசம்பர். ஒன்பது மாதம் முடிவதற்குள், 1893 செப்டம்பர் 11, சிகாகோ சர்வமத சபையில் பேசிவிட்டார். அந்தச் சபை கூடிய கட்டடம்தான் இப்போது ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்கிற கலை அருங்காட்சியகம். கட்டடம் இருக்கிறது, அவர் பேசிய மண்டபம் இல்லை. அது கட்டடத்துக்குள் தற்காலிகமாகப் போட்ட மண்டபம், சபை முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். முன்னால் ஓடும் மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு சுவாமி விவேகானந்தர் பெயர் வைத்திருக்கிறார்கள், பலகை இருக்கும்.

வாசலில் இரண்டு பக்கமும் வெண்கலச் சிங்கங்கள், பச்சை பூத்து நிற்கும். எட்வர்ட் கெமீஸ் என்ற சிற்பி செய்தவை. அவற்றை நிறுத்தியது 1894இல், அதனால் சுவாமி படியேறியபோது அவை இல்லை. அந்தப் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகக் கட்டணம் உண்டு. இந்தச் சிங்கங்களுக்கும் டிக்கெட் இல்லை.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் மிச்சிகன் ஏரி. கடல்தான் என்று நினைப்பீர்கள், மறு கரை தெரியாது, அலை அடிக்கும். ஆனால் உப்பு வாசம் இல்லை. நம் ஊர்க்காரனுக்கு அது ஏனோ பொய்க்கடல் மாதிரியே இருக்கும்.

ஆரல்வாய்மொழி வாசகி: சிகாகோவைக் காற்று நகரம் என்கிறார்களே, சேலை கட்டிக்கொண்டு நடக்க முடியுமா?

ஆரல்வாய்மொழியில் பஸ்ஸுக்கு நின்றவர் நீங்கள், இது ஒரு காற்றா? மே முதல் அக்டோபருக்குள் போங்கள். ஜனவரியில் சேலை இல்லை, ரஜாய் கட்டிக்கொண்டாலும் பிரயோஜனமில்லை.

குழித்துறை, கல்லூரி மாணவி: மிருகங்களை அடைத்து வைப்பதைக் காசு கொடுத்தோ கொடுக்காமலோ போய்ப் பார்ப்பது தப்பில்லையா?

சின்ன வயதில் நாகர்கோவில் பள்ளிக்கூடத்திலிருந்து திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குச் சுற்றுலா போவோம், புளியோதரைப் பொட்டலத்தோடு. அது 1850களில் வந்தது, சிகாகோவுக்கு மூத்தது. அங்கே கம்பிக்குப் பின்னால் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்த ஒரு புலி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதனால் உங்கள் கேள்வியைத் தள்ள முடியாது.

1934இல் ப்ரூக்ஃபீல்டைத் திறந்தபோது கம்பிகளை முடிந்த அளவு எடுத்துவிட்டு அகழி வெட்டினார்கள். மிருகத்துக்கும் நமக்கும் நடுவில் பள்ளம், அவ்வளவுதான். நம் உதயகிரிக் கோட்டைக்குள் மான்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், இடம் கொஞ்சம் அகலமானாலே மிருகத்தின் நடை மாறிவிடுகிறது. ஆனால் கம்பி போனதும் காடு வந்துவிடாது. 1937இல் அங்கே சு லின் என்ற பாண்டாக் குட்டியைக் கொண்டுவந்தார்கள், அமெரிக்க மிருகக்காட்சி சாலையில் அதற்கு முன் பாண்டாவே இல்லை, கூட்டம் அலைமோதியது. மறு வருஷமே குட்டி செத்துவிட்டது.

அதே இடத்தில் 1996 ஆகஸ்டில் மூன்று வயதுப் பையன் ஒருவன் கொரில்லாப் பள்ளத்தில் விழுந்தான். பிந்தி ஜுவா என்ற பெண் கொரில்லா, முதுகில் தன் குட்டியோடு வந்து, அவனை எடுத்து அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஊழியர்கள் வரும் கதவுப் பக்கத்தில் வைத்தது. பையன் பிழைத்தான்.

சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இரண்டு பாடம் பண்ணிய சிங்கங்கள் உண்டு. 1898இல் கென்யாவின் சாவோவில் ரயில் பாதை போட்டவர்களை அடித்துத் தின்றவை. செத்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து கூலிக்குப் போனவர்கள். கண்ணாடிக்குப் பின்னால் அவை சின்னதாக, பிடரி மயிர் இல்லாமல் நிற்கின்றன. எதிரே நிற்கையில் எனக்கு யார் பக்கம் பரிதாபப்படுவது என்று தெரியவில்லை. தப்பா என்று கேட்டால், நான் போனேன், இனியும் போவேன், ஆனால் உங்களிடம் வாதாட மாட்டேன்.

நெய்யூர் வாசகர்: எங்கள் தாத்தா காலத்து வீடு, தட்டும் நிரையும் (மர மச்சும் மரச்சுவரும்) எல்லாம் பலா, தேக்கு. பங்கு பிரிக்க வேண்டும், இடித்துவிட்டுக் காங்கிரீட் கட்டலாம் என்கிறார்கள் தம்பிமார். பழைய மரம் வாங்குகிறவர் வந்து விலை பேசிவிட்டும் போனார். சிகாகோவில் இதற்கெல்லாம் என்ன செய்கிறார்கள்?

அவர்களும் இடிக்கிறார்கள். மேலே சொன்ன ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 1931இலேயே இடித்துவிட்டார்கள். கிணறு மாதிரி வெட்டி நிறுத்திய பங்குச்சந்தைக் கட்டடம் 1972இல் போனது. ரிச்சர்ட் நிக்கல் என்று ஒரு போட்டோக்காரர், இடிபடுகிற கட்டடங்களையெல்லாம் படம் எடுத்து, செதுக்கு வேலை செய்த துண்டுகளைச் சுமந்து சேர்த்து வைத்தவர். இடிபட்டுக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்துக்குள் போனபோது இடிபாடு விழுந்து அங்கேயே செத்தார். கட்டடத்தின் வாசல் வளைவும் வியாபாரக் கூடமும் தப்பின. கூடத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி, வரைபடம் பார்த்து ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்குள் மறுபடி கூட்டிவிட்டார்கள், வளைவு வெளியே தனியாக நிற்கிறது, பின்னால் வீடில்லாத வாசல் மாதிரி.

நான் சொன்னால் தம்பிமார் கேட்கவா போகிறார்கள், பங்கு பங்குதான். மரக்காரரைக் கடைசியில் வரச் சொல்லுங்கள். முதலில் ஒவ்வொரு அறையையும் அளந்து நோட்டில் வரைந்து, எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு நிரைப் பலகையிலும் தட்டுப் பலகையிலும் சுண்ணாம்பால் எண் போடச் சொல்லுங்கள், அதே எண் வரைபடத்திலும் இருக்கட்டும். முழு வீட்டையும் காப்பாற்ற முடியாவிட்டாலும் ஒரு அறையையாவது தோட்டத்தில் மறுபடி கூட்டலாம். நெய்யூர்ப் பக்கம் ஆணி இல்லாமல் பூட்டுப் போடத் தெரிந்த வயசான ஆசாரி யாராவது இருப்பார், எந்தப் பலகையை முதலில் உருவ வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். அவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.